நைட்டித் துணி அட்டை போட்ட நாவல்

செப்டம்பர் 2, திங்கள்

டயாலிசிஸ் வார்டுக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பயப்படுகிறவர்கள் பயந்துகொள்ளட்டும். வாரத்தில் மூன்று காலை, யாரும் கடைக்குக் கூப்பிடாமல் நான்கு மணி நேரம் படுத்துக்கொண்டு படிக்கலாம். கோபியில் முப்பது வருஷம் பெயிண்ட் கடை நடத்தியவனுக்கு இப்படி ஓர் ஓய்வை வேறு யார் கொடுப்பார்கள்? ரத்தத்தை மிஷின் பார்த்துக்கொள்ளட்டும். புத்தகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வார்டில் ஒரு வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். மேனகா சிஸ்டர் ஊசி குத்தும்போது கவனத்தைத் திருப்ப "சாப்பிட்டீங்களா, மழை உண்டா" என்று கேட்பாள். முதல் வாரமே சொல்லிவிட்டேன். "அதெல்லாம் வேண்டாம்மா. இப்ப என்ன படிக்கறீங்கன்னு கேளு." இப்போது எல்லாக் கட்டிலிலும் அதைத்தான் கேட்கிறாள். ஆறு கட்டிலில் பாதிப் பேர் செல்போன் என்கிறார்கள். ஒருவர் ராசிபலன். பக்கத்துக் கட்டில் ரெஜினா மாத நாவல். நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிற பெண். வாராவாரம் ஒரு கொலை, ஒரு காதல், கடைசிப் பக்கத்தில் போலீஸ் ஜீப். "எப்படி இருக்குது?" என்று கேட்டால் "சூப்பருங்ணா" என்பாள். அவளுக்கு எல்லாமே சூப்பர்.

நான் 'மூன்றாம் மணி' ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நாடகக் கம்பெனிக் குடும்பத்தின் கதை. கெட்டி அட்டை, தலையணை கனம். இதுதான் நாவல் என்று ஆறு கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். பூங்கோதையின் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். அவள் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறதாம். என் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாப்பிள்ளையோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "தள்ளிப் போடாதீங்க. உங்க இதயம் ரொம்ப நாள் தாங்காது" என்றார் டாக்டர். பார்க்கலாம் என்றேன். என் கடையில் 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளர் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. டாக்டருக்கு அது தெரியாது.

செப்டம்பர் 4, புதன்

புத்தகம் விழுந்தது. ஊசி ஏறிய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கை மட்டும் எவ்வளவு நேரம் தாங்கும்? மார்பில் விழுந்து, நான் துள்ள, குழாய் இழுபட்டு மிஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. மேனகா ஓடி வந்தாள்.

ரெஜினா ஒற்றைக் கையில் தன் மாத நாவலை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்ணா, அதப் பிரிச்சுக் குடுத்தறட்டுங்ளா? எட்டாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் எம்புட்டுக் கனம் இருக்கப் போகுது?"

"புத்தகத்தையா? உன் வேலையப் பாரும்மா" என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்றும் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. ஒரு அத்தியாயம்கூட முடியவில்லை. கொடுத்துவிட்டேன்.

நிபந்தனைகள் போட்டேன். கிழிக்கக் கூடாது, தையலை மட்டும் பிரிக்க வேண்டும். உள்ளே ஒரு பேனாக் கோடு படக்கூடாது, நம்பர்கூடப் போடக்கூடாது. "என்ர தொழிலே பிரிச்சுத் தெக்கறதுதானுங்ணா" என்றாள். என் புத்தகத்தை ஒரு கட்டைப்பையில், நைட்டித் துணிகளுக்கு நடுவில் போட்டு எடுத்துப் போனாள். பார்க்கச் சகிக்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அருமையான வேலை. ஒவ்வொரு பாகத்துக்கும் முதுகில் பழைய துளைகளிலேயே நூல் ஓட்டி, நைட்டித் துணியில் அட்டை போட்டிருக்கிறாள். நம்பர் கிடையாது, துணிதான் அடையாளம். மஞ்சள் புள்ளி ஒன்று, பச்சைக் கட்டம் இரண்டு, இப்படியே போகுமாம். ஒரு கையில், கட்டைவிரலைப் பக்கத்தின் அடியில் கொடுத்துப் பிடித்தால் பஞ்சு மாதிரி நிற்கிறது. நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை.

முடித்த பாகத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டுமாம், கூலி அதுதானாம். கொடுப்பதில் எனக்கு என்ன கஷ்டம்? கோபியில் பாதிப் பேர் என் அலமாரியில் இருந்து வாங்கிப் படித்தவர்கள்தான். நான்தான் இதுவரை ஒருவரிடமும் புத்தகம் வாங்கிப் படித்ததில்லை. வேண்டுமென்றால் விலைக்கு வாங்குவேன். பதிலுக்கு அவள் ஒரு மாத நாவலை நீட்டினாள். அட்டையில் ரத்தம் சொட்டும் குடை. வேண்டாம் என்றேன்.

"படிச்சுட்டுச் சொல்லுங்ணா, நல்லா இல்லீன்னா."

"படிக்காமலே சொல்றேன். நல்லா இல்ல."

செப்டம்பர் 13, வெள்ளி

மூன்றாம் பாகம். கதாநாயகன் அண்ணன்தான், கம்பெனியின் ராஜபார்ட். அவன் தொண்டையைத் திறந்தால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். தங்கை ஒருத்தி இருக்கிறாள், உடை தைக்கிறாள், விளக்குத் துடைக்கிறாள். ஆசிரியர் அவளை எதற்கு வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை.

கால் கொஞ்சம் வீக்கம். செருப்பு நேற்றிலிருந்து சேரவில்லை, செருப்பில்தான் ஏதோ கோளாறு.

செப்டம்பர் 17, செவ்வாய்

பூங்கோதை வந்திருந்தாள். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்தாள். நான் சாப்பிடக்கூடாது என்று தெரிந்தும் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, பிறகு அவளே அதை என் மனைவி தெய்வானையிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னாள்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு ரெண்டு இருக்குதுண்ணா. ஒண்ணு போதும்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு."

"அண்ணன் தங்கச்சிக்குச் சீர் செய்யறதுதான் நம்ம வழக்கம், கண்ணு. தங்கச்சிகிட்டக் கை நீட்டறது இல்ல."

அவள் விடவில்லை. "கல்யாணத்துல இருந்து எம் புள்ளைக காதுகுத்து வரைக்கும் நீ குடுத்ததையெல்லாம் ரெண்டு கையும் நீட்டி வாங்கினனே. அப்ப எனக்கு மானம் இல்லியாண்ணா?"

பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானைக்கு அழுகை வந்தால் மிக்சியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

நான்காம் பாகம் முடிந்தது. அண்ணனுக்குத் தொண்டை போய்விட்டது! நடுமேடையில், பாட்டின் நடுவில், காற்றுத்தான் வருகிறது. திரையை இறக்குகிறார்கள். இடி மாதிரி எழுதியிருக்கிறார். ரெஜினா அடுத்த பாகங்களைத் தன் யூனிட்டில் வைத்திருக்கிறாள், ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவருவாள். திங்கள்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர்த் தாகத்தைவிட இது மோசம்.

செப்டம்பர் 23, திங்கள்

ஊதா அட்டை வந்தது. என்ன ஆச்சரியம்! முதல் பக்கத்திலேயே அண்ணன் மேடையில் பாடிக்கொண்டிருக்கிறான். மதுரையே திரண்டு வந்து கேட்கிறது. தொண்டை எப்படித் திரும்பி வந்தது என்று ஒரு வரி இல்லை. மருந்தா, மனமா, கடவுளா, எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டார். இதற்கெல்லாம் தைரியம் வேண்டும்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. மிஷினுக்கு லீவு கிடையாது.

இன்று மேனகா கேட்டதும் கொஞ்சம் விரிவாகவே பேசினேன். ஆறு கட்டிலும் கேட்டது. "போன குரல் எப்படி வந்துச்சுன்னு சாதாரண ஆளா இருந்தா பத்துப் பக்கம் எழுதியிருப்பான். இவர் எழுதல. ஏன்? உழைச்சவனுக்கு இழந்தது அவன்கிட்ட இருந்தேதான் திரும்பி வரும். அடுத்தவன் கை அதுல படக்கூடாது. அந்த மௌனம்தான் இலக்கியம்." ராசிபலன்காரர்கூடத் தலையாட்டினார். மேனகா "சூப்பர் சார்" என்றாள்.

ரெஜினா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மௌனத்தின் அருமை அவளுக்கு எங்கே புரியப் போகிறது?

அக்டோபர் 4, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ரெஜினா கட்டைப்பையில் இருந்து ஒன்றை எடுத்தாள். ஊதாத் துணி, பூப் போட்டது. என்னிடம் இருந்ததும் ஊதா, கோடு போட்டது. "ண்ணா, கோச்சுக்காதீங்க. இதுதான் அஞ்சு. துணிக் குவியலுக்கு அடியில கெடந்துச்சு. உங்ககிட்ட இருக்கறது ஆறுங்."

வார்டு சிரித்த சிரிப்பில் ஒரு மிஷின் அலாரம் அடித்தது, யாருடையது என்று தெரியவில்லை. மேனகா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ராசிபலன்காரர், "அந்த மௌனம் துணிக் குவியல்ல கெடந்துதுங்களா?" என்றார். நேற்றுவரை என்னிடம் வணக்கம் சொல்லவே பயந்த மனிதர்.

"பக்க நம்பர் பாக்கலீங்ளாண்ணா?"

"நான் கதை படிக்கறேன். காலண்டர் படிக்கல."

கட்டைவிரல் நம்பரை மறைத்திருந்தது. அத்தியாயங்களுக்கும் நம்பர் இல்லை, தலைப்புத்தான். நம்பர் போடாதே என்று அவளிடம் சொன்னது யார் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

ஐந்தாம் பாகத்தை நீட்டினாள். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். கேட்காமல் என் பைக்குள் திணித்துவிட்டாள்.

அக்டோபர் 7, திங்கள்

மேனகா "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். வீட்டுச் சுவரைப் பார்ப்பதற்கும் வார்டுச் சுவரைப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வார்டுச் சுவருக்குப் ப்ரைமர் அடிக்காமலே வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 9, புதன்

இன்று சின்னதாக ஒரு தலைசுற்றல். அவ்வளவுதான். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். கட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, காலை மேலே தூக்கி, குழாயில் என்னவோ ஏற்றினார்கள். டாக்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கண் திறந்தபோது என் வலது கையை ரெஜினா பிடித்திருந்தாள். தன் குழாயோடு எவ்வளவு தூரம் எட்ட முடியுமோ அவ்வளவு எட்டிப் பிடித்திருந்தாள்.

"பயந்துட்டியா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்க தங்கச்சி குடுக்கறேங்குதாமா. நீங்க வேண்டாங்கறீங்களாமா. அக்கா வெளிய ஒக்காந்து அழுதுட்டுச் சொன்னாங்க."

தெய்வானைக்கு வாய் நிற்காது. "அது எங்க குடும்ப விஷயம்" என்றேன்.

"எனக்கு ரெண்டு அண்ணன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பேரும் எம் போன மூணு வருசமா எடுக்கறதில்ல. நானு கிட்னிக்குப் பேரு பதிஞ்சுபோட்டு, எவனோ முகந்தெரியாதவன் சாகட்டும்னு காத்துட்டிருக்கறனுங். அப்படி நெனைக்கறதுக்குப் பாவமன்னிப்புக் கேட்டுட்டு மறுக்காவும் காத்துட்டிருக்கறேன். வேண்டாம்னு சொல்லறதுக்காவது உங்களுக்கு ஒரு ஆளு இருக்குது. அது எம்புட்டுப் பெரிய பவுசுன்னு உங்களுக்குத் தெரியல."

அதன் பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாத நாவலைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும்வரை கோபத்தைத் தேடிக்கொண்டே வந்தேன், கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. டயாலிசிஸ் முடித்து வந்ததும் பையைத் தேடினேன். ஐந்தாம் பாகம் இல்லை. பூஜை அறையில், கடைச் சாவி, வர்ணம் கலக்கும் கரண்டி, என் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றோடும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நைட்டித் துணிக்குக் குங்குமம் வேறு.

"தெய்வான, அத எடு."

"என்னுங்க இது, இன்னைக்குப் புஸ்தகத்தத் தொடலாமுங்களா? நாளைக்குத்தான்."

"ஒரே ஒரு அத்தியாயம்."

"தொட்டீங்கன்னா பாருங்க."

நேற்றுவரை வேண்டாம் என்று தூக்கிப் போட்ட சாமான். இன்று அதன் முன்னால் கை கட்டி நிற்கிறேன். பொரிகடலை கொடுத்தாள், எண்ணித்தான் கொடுத்தாள்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. குளித்துவிட்டு, விளக்கை வணங்கி, எடுத்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தது காலையில். எழுந்தபோது தெய்வானை மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டிருந்தாள்.

கதையை எழுதிவைக்கிறேன். குரல் திரும்பி வரவேயில்லை. அண்ணன் ஒரு வருஷம் யார் முகத்திலும் விழிக்காமல் கிடக்கிறான். கம்பெனி மூழ்குகிறது. தங்கை, அந்த விளக்குத் துடைக்கிறவள், இத்தனை காலமும் அவனுடைய பாட்டு ஒவ்வொன்றையும் துணி தைத்துக்கொண்டே தனக்குள் பாடி வைத்திருக்கிறாள். "திரைக்குப் பின்னால நான் பாடறேன், முன்னால நீ நில்லு" என்கிறாள். முடியாது என்கிறான். பிச்சைக் குரலில் ராஜா வேஷமா என்று கத்த வாய் திறக்கிறான், கத்தவும் குரல் இல்லை. ஒருநாள் அவள் அனுமதி கேட்பதை நிறுத்திவிடுகிறாள். மூன்றாம் மணி அடிக்கிறது, திரை ஏறுகிறது, பின்னால் இருந்து பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயைத் திறக்க வேண்டும். அந்த ஒரு வாயசைப்புக்கு ஆசிரியர் மூன்று பக்கம் எடுத்துக்கொள்கிறார். மூன்று பக்கமும் அவனுக்குத் தேவைப்பட்டது.

மதுரை திரண்டு வந்து கேட்டது அவள் குரலை. நான் அந்தப் பக்கங்களை வரி வரியாகப் படித்தேன், ரசித்தேன், கூட்டம் போட்டுப் பேசினேன். ஒரு பெண் உள்ளே நின்று பாடிக்கொண்டிருந்தது என் காதில் விழவே இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் பூங்கோதைக்குப் போன் போட்டேன். கரும்புக் காட்டில் இருந்தாள், காற்றுச் சத்தம்.

"என்ன படிச்சுட்டிருக்கற?" என்று கேட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நானா? மஞ்சத்தூள் பாக்கெட்டுல எழுதியிருக்கறதக்கூடப் படிக்க நேரமில்ல எனக்கு. ஏண்ணா, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. டாக்டர் வரச் சொல்றார். நீயும் வா."

"எப்ப வரோணும்?" என்றாள். அழுதாள். நானும் அழுதேன், போனை மூடிய பிறகு. மிக்சி ஓடியது.

அக்டோபர் 14, திங்கள்

மேனகாவிடம், "சாப்பாடெல்லாம் இருக்கட்டும். படிக்கறது என்னன்னு கேளு" என்றேன். கேட்டாள்.

"ஐந்தாம் பாகம் முடிச்சேன். போன தடவை நான் சொன்னது பூராவும் தப்பு" என்றேன், ஆறு கட்டிலுக்கும் கேட்கும்படி. கதையை முழுதாகச் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராசிபலன்காரர் தனக்கும் ஒரு பாகம் வேண்டும் என்றார், எந்தத் துணியாக இருந்தாலும் சரியாம்.

ரெஜினாவிடம் தங்கையைக் கூப்பிட்டுவிட்டேன் என்றேன். "ம்" என்றாள். பிறகு கட்டைப்பையைத் துழாவி, "ஏழு கொண்டாந்திருக்கறனுங்ணா. நம்பரப் பாத்து வாங்கிக்கோங்க" என்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இனிப்பு இல்லை, பட்டாசு இல்லை. பூங்கோதைக்குச் சேலை எடுத்தேன். முதல் தடவையாக, எனக்கு எது பிடிக்கும் என்று பார்க்காமல் அவளுக்கு எது பிடிக்கும் என்று போன் செய்து கேட்டு எடுத்தேன். பாகற்காய்ப் பச்சை. என்ன ரசனையோ.

நவம்பர் 20, புதன்

கோவையில் உறுப்பு மாற்று அனுமதிக் குழு முன்னால் போய் உட்கார்ந்தோம். கேமரா வைத்துக் கேட்டார்கள். பூங்கோதையிடம், "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"என்னைய யாருங்க கட்டாயப்படுத்தறது? நாங்கதான் அவரக் கட்டாயப்படுத்திக் கூட்டியாந்திருக்கறோம்."

மாப்பிள்ளையும் "ஆமாங்" என்றார். குழுவில் மூத்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

டிசம்பர் 6, வெள்ளி

கோபி வார்டில் கடைசி நாள். செவ்வாய்க்கிழமை கோவையில் ஆபரேஷன். ராசிபலன்காரர் என் நட்சத்திரத்துக்கு நாள் நன்றாக இருக்கிறது என்றார். அவர் இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறார்.

ஒரு மாதமாக இழுத்தடிக்கப்படும் எட்டாம் பாகத்தை இன்றும் கேட்டேன். ரெஜினா கட்டைப்பையைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டாள்.

"குடுக்க மாட்டனுங். திரும்பி வந்து வாங்கிக்கோங்க."

"முடிவு தெரியாம நான் எப்படி ஆபரேஷனுக்குப் போவேன்?"

"முடிவு தெரியாமத்தான எல்லாரும் போறோம்? வந்துருங்கண்ணா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் இன்னும் படிக்கல. ரெண்டு பேருமாப் படிச்சுக்கலாம்."

போன் நம்பரைக் கொடுத்தேன். அவளுக்கு எந்த நேரம் அழைப்பு வந்தாலும் கோவைக்குக் கூட்டிப்போவது என் கார்தான் என்றேன். வேண்டாங்ணா என்று ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டு, "செரிங்ணா" என்றாள். பிறகு தெய்வானையிடம் ஏதோ ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள், பூங்கோதைக்காம்.

டிசம்பர் 9, திங்கள்

கோவை. மதியம் சேர்த்துவிட்டார்கள். ஒரே அறையில் இரண்டு கட்டில், எனக்கும் அவளுக்கும். இருவருக்கும் ஒரே பச்சை அங்கி. அவள் சேலை மாதிரியே பாகற்காய்ப் பச்சை.

எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை. அந்தக் கட்டிலில் அவள் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. ஏழு வயதில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோதும் இப்படித்தான் காலை ஆட்டுவாள்.

பொட்டலத்தில் இருந்தது மாத நாவல். அதே ரத்தம் சொட்டும் குடை. மஞ்சள்தூள் பாக்கெட்கூடப் படிக்க நேரமில்லாதவள், வந்ததில் இருந்து அதில் மூழ்கிக் கிடக்கிறாள். நர்ஸ் வந்து கேட்டதற்குக்கூட நிமிரவில்லை.

"எப்படி இருக்குது?"

"சூப்பர்ணா."

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தேன். இங்கே ப்ரைமர் ஒழுங்காக அடித்திருக்கிறார்கள்.

"முடிச்சுட்டு எனக்குக் குடு" என்றேன்.

புத்தகத்தைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தாள். "நீதான் யார்கிட்டயும் வாங்கிப் படிக்க மாட்டியே?"

"கேக்கறேன்ல. குடு."

அவள் பாதி படித்திருந்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நடுவில் இருந்த கம்பி ஊசியை நகத்தால் நெம்பி, இரண்டு கையாலும் சரியாக நடுவில் பிரித்தாள். சத்தம் கேட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நீண்டிருந்தது.

"இந்தாண்ணா, பாதி. எனக்கு இது போதும்."

வாங்கிக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே ஒரு கொலை. நன்றாகத்தான் இருக்கிறது.